பேக்கப் ஓடியது சரி, திரும்பி வந்ததா?

20 பைட். ஒவ்வொரு கோப்பும் அவ்வளவுதான் இருந்தது. பேக்கப் ஃபோல்டரைத் திறந்தால் தேதிவாரியாக வரிசை கட்டி நிற்கின்றன, ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை, பெயரில் பிழையில்லை, நேரமும் தினமும் அதிகாலை 2 மணி 5 நிமிடம் என்றே இருக்கிறது. அளவு காட்டும் பத்தியில் மட்டும் மேலிருந்து கீழ்வரை 20, 20, 20. எங்கள் டேட்டாபேஸ் அப்போது 40 ஜிபிக்குப் பக்கம் இருந்தது. சுருக்கினாலும் ஆறேழு ஜிபியாவது வந்திருக்க வேண்டும். திரையை மேலே தள்ளிக்கொண்டே போனேன், சரியான அளவில் ஒரு கோப்பாவது கண்ணில் படும் என்று. நாலு மாதம் பின்னால் போன பிறகுதான் பட்டது.

இது சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வர்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாலை மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றும்போது, சோதனை டேட்டாபேஸில் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொகுப்பு) நிஜ டேட்டாபேஸில் ஓடி, பில் விவரங்கள் இருந்த நாலு டேபிள்களை அழித்துவிட்டது. யார் ஓட்டினார்கள் என்பது இங்கே முக்கியமில்லை, நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்த யாருக்கும் நடக்கக்கூடியதுதான். எனக்கு அப்போது பெரிய பதற்றம்கூட வரவில்லை. பேக்கப் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிடலாம் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுத்தான் அந்த ஃபோல்டரைத் திறந்தேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. பேக்கப் ஸ்கிரிப்டில் முக்கியமானது ஒரே ஒரு வரி. டேட்டாபேஸிலிருந்து எல்லாவற்றையும் எடுக்கும் கட்டளை முதலில், அது கொடுப்பதைப் பைப் வழியாக (ஒரு கட்டளை தருவதை அடுத்ததற்குக் கொண்டுபோகும் இணைப்பு) வாங்கிச் சுருக்கும் ஜிஜிப் என்ற கட்டளை இரண்டாவது. நாலு மாதம் முன் பாதுகாப்புக்காக டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றினோம், ஸ்கிரிப்டில் பழைய பாஸ்வேர்டே இருந்துவிட்டது. அன்றிலிருந்து முதல் கட்டளை தினமும் தோற்றுப்போகிறது, ஜிஜிப்புக்கு எதுவுமே வரவில்லை. எதுவும் வராவிட்டாலும் ஜிஜிப் தன் தலைப்பையும் முடிவுக் குறியையும் எழுதி ஒரு கோப்பை உருவாக்கிவிடும், அதன் அளவுதான் 20 பைட். கட்டளைகளை ஓட்டும் ஷெல் இருக்கிறதே, அது பைப்பின் கடைசிக் கட்டளை ஜெயித்ததா என்று மட்டும்தான் பார்க்கும். ஜிஜிப் தன் வேலையை ஒழுங்காக முடித்தது, ஆகவே ஸ்கிரிப்டும் "பேக்கப் வெற்றி" என்று எங்களுக்குத் தினமும் மெயில் அனுப்பியது. ஸ்கிரிப்டின் தலையில் பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் என்ற ஒரு அமைப்பைப் போட்டிருந்தால் முதல் நாளே சத்தம் வந்திருக்கும். இதைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது இதே மாதிரி ஒரு வரி இருந்தால், படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் போய் அதைப் பாருங்கள்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு டெவலப்பர். ஏதோ ஒரு அறிக்கையில் கூட்டுத்தொகை தப்பாக வருகிறது என்று, அதைப் பிடிப்பதற்காக 11 நாள் முன் நிஜ டேட்டாபேஸிலிருந்து நேரடியாக ஒரு பிரதி எடுத்துத் தன் சோதனைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். அதைத்தான் திரும்ப ஏற்றினோம். மீதி 11 நாள் பில்களை அச்சிட்ட தாள்களிலிருந்தும் மெயில்களிலிருந்தும் மூன்று பேர் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள், ஆறு நாள் ஆனது. கணக்குப் பிரிவில் இருந்த மேடம் யாரையும் திட்டவில்லை. தாள்களை அடுக்கிக்கொண்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சார், தினமும் பேக்கப் ஆகுதுன்னு மெயில் வருதுன்னு சொன்னீங்களே, அப்போ அந்த மெயில் என்னத்தைப் பாத்து வந்தது?" கணினிக்காரர்கள் யாரும் கேட்காத கேள்வி அது. அவருக்கு அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை, இந்தப் பதிவை அந்தப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு மற்ற நிறுவனங்களில் நடந்த விபத்துகளின் அறிக்கைகளைத் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எதைப் படித்தாலும் ஒரு விஷயம் கண்ணில் உறுத்தியது.

மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேபின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2017 ஜனவரி 31ஆம் தேதி இரவு, ஒரு சர்வரின் டேட்டாவை இன்னொன்றுக்கு அப்படியே பிரதி எடுத்துக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் ரெப்ளிகேஷன் தகராறு செய்துகொண்டிருக்கிறது. சரிசெய்ய உட்கார்ந்த பொறியாளர், இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் டேட்டா ஃபோல்டரை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் தப்பு தெரிந்து நிறுத்தினார், ஆனால் 300 ஜிபி இருந்த இடத்தில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்க்கிறார்கள். தினமும் கிளவுடுக்குப் போக வேண்டிய டேட்டாபேஸ் பேக்கப் அங்கே இல்லவே இல்லை, சேமிப்பிடம் காலி. ஓடிக்கொண்டிருந்தது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கப் போன கருவி 9.2, பதிப்பு பொருந்தாததால் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லப் புறப்பட்ட மெயில்களும் மெயில் சரிபார்ப்பு அமைப்பு ஒழுங்காக இல்லாததால் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. கிளவுட் நிறுவனம் தரும் டிஸ்க் ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு நொடியில் டிஸ்க் இருந்த நிலையின் பிரதி, டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவே இல்லை. ரெப்ளிகேஷன்தான் முதலிலேயே உடைந்துவிட்டதே, அதுவும் உதவாது.

கடைசியில் கைகொடுத்தது, ஆறு மணி நேரம் முன் ஒரு பொறியாளர் சோதனைச் சூழலுக்கு டேட்டா வேண்டும் என்று கையால் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட். சோதனைச் சூழலின் டிஸ்க் மெதுவானது என்பதால் அதைத் திரும்பக் கொண்டுவரவே பதினெட்டு மணி நேரம் போலப் பிடித்தது. சுமார் 5,000 ப்ராஜெக்டுகள், 5,000 கருத்துகள், 700 புதுப் பயனர் கணக்குகள் வரை பாதிப்பு இருக்கும் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றுவரை பெரிய மரியாதை உண்டு, மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், எது எது எப்படித் தவறியது என்று ஒன்று விடாமல் எழுதி வெளியிட்டார்கள். அந்த அறிக்கையைப் படித்ததால் தப்பிய நிறுவனங்கள் எத்தனையோ இருக்கும்.

அப்புறம் மேர்ஸ்க். உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்று. 2017 ஜூன் 27, நாட்பெட்யா என்ற கணினித் தீநிரல் தாக்கியது. யார் எந்தக் கணினியில் உள்ளே வரலாம், யாருக்கு என்ன உரிமை என்பதையெல்லாம் வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் அவர்களிடம் உலகம் முழுக்க சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் மற்றொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு, அதனால் ஒன்றுக்கொன்று தகவலைப் பரிமாறிக்கொண்டே இருக்கும். ஒரே நேரத்தில் எல்லாமே போகும் என்று அந்தக் கணக்கில் இடமே இல்லை. எல்லாம் போயின, ஒன்றைத் தவிர. கானாவில் இருந்த ஒரு கன்ட்ரோலர் மட்டும், தாக்குதல் நேரத்தில் அங்கே மின்சாரம் போயிருந்ததால் நெட்வொர்க்கில் இல்லாமல் தப்பியது. அதிலிருந்த தகவலை இணையம் வழியாக அனுப்ப அங்கிருந்த லைன் தாங்காது என்பதால் ஹார்டு டிஸ்க்கை ஆள் கையில் கொடுத்து விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் 4,000 சர்வர்கள், 45,000 கணினிகள் எல்லாவற்றையும் பத்து நாளில் புதிதாக அமைக்க முடிந்தது. 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை நஷ்டம் என்று அந்த நிறுவனமே சொன்னது.

இந்த இரண்டிலும், எங்கள் சின்ன விபத்திலும் பாருங்கள், காப்பாற்றிய பிரதி எதுவும் யாருடைய பேக்கப் திட்டத்திலும் இல்லை. அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். மேர்ஸ்க்குக்கு நடந்தது அதிர்ஷ்டம்தான், வேறு பெயர் கிடையாது. ஆனால் கிட்லேபின் ஸ்னாப்ஷாட்டும் எங்கள் டெவலப்பரின் பிரதியும் வேறு ரகம் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் யாரோ ஒருவர் தன் வேலைக்காக எடுத்தார். அது காலியாக இருந்திருந்தால் அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவருடைய வேலை நின்றுபோயிருக்கும். திட்டத்தில் இருந்த பேக்கப்புகளை யாரும் எதற்கும் தொடவில்லை. தொடாத பொருள் கெட்டுப்போனால் யாருக்குத் தெரியும்?

இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து நான் செய்வது ஒன்றுதான், பேக்கப்பை ஏதாவது ஒரு வேலைக்கு அமர்த்திவிடுகிறேன். டெவலப்பர்களுக்குச் சோதனை டேட்டாபேஸ் வேண்டுமா, நிஜ சர்வரிலிருந்து நேரடியாகப் பிரதி எடுக்க அனுமதி கிடையாது, நேற்று இரவு பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் ஆகித்தான், அதாவது திரும்ப ஏற்றப்பட்டுத்தான் வரும் (வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண் எல்லாம் மறைக்கப்பட்ட பிறகு). மாத அறிக்கைகளை ஓட்டுவதற்குத் தனி டேட்டாபேஸ் வேண்டும் என்று கணக்குப் பிரிவு ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது, அதையும் தினமும் அதிகாலை பேக்கப்பிலிருந்து புதிதாகக் கட்டி எழுப்புகிறேன். பேக்கப் ஒரு நாள் கெட்டுப்போனால் காலை ஒன்பதரை மணிக்கு யாராவது போன் செய்து "நேத்து விற்பனை காட்டவே மாட்டேங்குது" என்று சொல்லிவிடுவார்கள். எந்தக் கண்காணிப்பு மென்பொருளும் இவ்வளவு சரியான நேரத்தில் என்னை எழுப்பியதில்லை. இரண்டு முறை அப்படி போன் வந்திருக்கிறது, இரண்டு முறையும் உண்மையிலேயே பேக்கப்பில் கோளாறு, ஒன்று டிஸ்க் நிரம்பிவிட்டது, இன்னொன்று புதிதாகச் சேர்த்த ஒரு டேட்டாபேஸைப் படிக்க பேக்கப் கணக்குக்கு உரிமை கொடுக்கவில்லை.

ஆனால் இது டேட்டாபேஸுக்கு மட்டும்தான் போதும். முழு சர்வரே போனால், கட்டடமே போனால் என்ன செய்வது என்பது வேறு பாடம். அதற்காக மாதம் ஒரு சனிக்கிழமை ரீஸ்டோர் நாள் வைத்துக்கொள்கிறோம். விதி ஒன்றே ஒன்று: பேக்கப்பை அமைத்தவர் கையை வைக்கக் கூடாது. நான் பக்கத்தில் உட்காரலாம், பேசக் கூடாது. எங்கள் குழுவில் இருப்பதிலேயே புதியவர், அச்சிட்ட வழிமுறைத் தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு வெற்று சர்வரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் எழுப்ப வேண்டும். ஸ்டாப்வாட்ச் ஓடும்.

முதல் ரீஸ்டோர் நாளை என்னால் மறக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண் உட்கார்ந்தார். முதல் மூன்று படிகள் மளமளவென்று போயின. நாலாவது படியில் தாளில் நான் எழுதியிருந்தது: "பேக்கப் வால்யூமை வழக்கம்போல் மவுண்ட் செய்யவும்." (மவுண்ட் என்றால் சேமிப்பிடத்தை சர்வரோடு இணைப்பது.) அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணா, வழக்கம்போலன்னா எப்படி?" விதிப்படி நான் வாயைத் திறக்கவில்லை. பழைய லாக், பழைய மெயில் எல்லாவற்றையும் தேடி அவரே கண்டுபிடித்தார், 40 நிமிடம் ஆனது. ஐந்து வருடமாகக் கையில் ஊறிப்போனதால் எனக்கு அது ஒரு படியாகவே தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக இப்போது தாளில் பதினோரு வரிகள் இருக்கின்றன.

ஏழாவது படியில் இன்னும் மோசம். பேக்கப்பை என்கிரிப்ட் செய்துதான் வைக்கிறோம், அதைத் திறக்கும் சாவி பாஸ்வேர்டு மேனேஜரில் இருக்கிறது. பாஸ்வேர்டு மேனேஜர் எங்கே ஓடுகிறது? எங்கள் சர்வரில். எந்த சர்வர் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு ஒத்திகை பார்க்கிறோமோ, அதே சர்வரில். பெட்டிக்குள் சாவியை வைத்து பெட்டியைப் பூட்டிய கதை. அன்றைக்கு நிஜமாகவே தீ பிடித்திருந்தால், பேக்கப் பத்திரமாக வேறு ஊரில் இருந்திருக்கும், எங்களால் அதிலிருந்து ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடிந்திருக்காது. இப்போது அந்தச் சாவி தாளில் அச்சிடப்பட்டு, ஒட்டிய உறையில், வெவ்வேறு இடத்தில் இருக்கும் இரண்டு பேரிடம் இருக்கிறது. வருடம் ஒருமுறை உறையைப் பிரித்து, அந்தச் சாவி இன்னும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் புது உறையில் போடுகிறோம்.

இதே மாதிரி சுற்றிச் சுற்றி வரும் முடிச்சுகள் எல்லா நிறுவனத்திலும் இருக்கும். கிளவுட் கணக்கில் நுழைய ஓடிபி மெயிலுக்கு வரும், மெயில் சர்வரே படுத்திருக்கும். தளப் பெயரை சர்வர் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவை மாற்ற வேண்டும், அந்தக் கணக்கு வேலையை விட்டுப்போன ஒருவரின் பெயரில் இருக்கும். பேக்கப் மென்பொருளின் அட்டவணை, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரம், செத்துப்போன சர்வரிலேயே இருந்திருக்கும். உட்கார்ந்து யோசித்தால் இவற்றில் ஒன்றோ இரண்டோ பிடிபடும், எனக்கு மீதி எல்லாம் ஒத்திகையில்தான் பிடிபட்டன. எதை முதலில் எழுப்ப வேண்டும் என்ற வரிசையும் அப்படித்தான். நாங்கள் ஆசையாக அப்ளிகேஷனை முதலில் எழுப்பினோம், உள்ளே நுழைய லாகின் சர்வர் வேண்டும், அதற்கு டிஎன்எஸ் வேண்டும், கடைசியில் எழுப்பியதையெல்லாம் இறக்கிவிட்டு மறுபடி வரிசையாக வந்தோம்.

எல்லாம் எழும்பிய பிறகு "வந்துவிட்டது" என்று யார் சொல்வது? திரை தெரிகிறது, லாகின் ஆகிறது என்பதோடு நிறுத்தினால் போதாது. எங்கள் வழக்கம், கடைசி பில் எண்ணை எடுத்து, பேக்கப் எடுத்த நேரத்துக்கு முந்தைய கடைசி பில்லின் அச்சுப் பிரதியோடு ஒப்பிடுவது. பிறகு போன மாதக் கூட்டுத்தொகையைக் கணக்குப் பிரிவு கையெழுத்திட்டு வைத்திருக்கும் தாளோடு ஒப்பிடுவது. கூடவே இணைப்பாக ஏற்றப்பட்ட படங்களில், பிடிஎஃப்களில் பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்துத் திறந்து பார்ப்பது. டேட்டாபேஸில் பெயர் இருக்கும், ஃபோல்டரில் கோப்பு இருக்காது, இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் பேக்கப் எடுத்தால் இப்படி ஆகும். இந்தப் பத்துக் கோப்பு வேலையைச் செய்தபோதுதான் ஒரு முழு ஃபோல்டர் எங்கள் பேக்கப் பட்டியலில் சேரவே இல்லை என்று தெரிந்தது.

நேரக் கணக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நிறைய பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். 10 டிபி (10,000 ஜிபி) டேட்டா கிளவுடில் பத்திரமாக இருக்கிறது, நல்லது. உங்கள் இணைய இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட் என்றால், ஒரு நொடி கூட நிற்காமல், முழு வேகத்தில் இறக்கினாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். ஒரு கிகாபிட் இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரு முழு நாள். மேலே ஏற்றும்போது தினமும் மாறியதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதால் இந்தக் கணக்கு கண்ணுக்கே தெரியாது, இறக்கும் நாளில்தான் மொத்தமாக முன்னால் வந்து நிற்கும். அதனால்தான் கிளவுடில் ஒன்று இருந்தாலும், கைக்கெட்டும் தூரத்திலும் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

கைக்கெட்டும் தூரத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியாவைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தேஜான் நகரில் இருந்த அரசின் டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீ. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்து வைத்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் முழுக்கப் போனது. 858 டிபி. அளவு பெரியது என்பதால் வெளியே தனியாகப் பேக்கப் எடுக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். எனக்கு இந்தக் காரணத்தைப் படித்தபோது கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது. அவ்வளவு பெரியது என்றால் அவ்வளவு பேருடைய உழைப்பு அதில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

3-2-1 என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும், மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பிரபலமாக்கியது, படங்களைப் பத்திரப்படுத்த அவர் சொன்னதைத்தான் இன்று உலகமே பிடித்துக்கொண்டிருக்கிறது. நல்ல கணக்கு, நான் அதோடு ஒரு கேள்வியைச் சேர்ப்பேன்: இந்த மூன்றையும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கும் ஒருவரால் அழிக்க முடியுமா? முடியும் என்றால் எண்ணிக்கை எத்தனை இருந்தாலும் உங்களிடம் இருப்பது ஒரு பிரதிதான். கோட் ஸ்பேசஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. 2014 ஜூனில் அவர்களுடைய கிளவுட் கணக்குக்குள் நுழைந்த ஒருவன் பணம் கேட்டு மிரட்டினான், இவர்கள் கணக்கைத் திரும்பக் கைப்பற்றப் பார்த்தபோது டேட்டாவையும் பேக்கப்பையும் ஸ்னாப்ஷாட்களையும் ஒரே இடத்திலிருந்து பெரும்பாலும் அழித்துவிட்டான். பாதி நாளில் முடிந்துவிட்டது, நிறுவனத்தையே மூடினார்கள்.

கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் இன்றைய ரான்சம்வேர் ஆட்களின் வேலையும் இதே வழியில்தான். உள்ளே நுழைந்ததும் பூட்டுவதில்லை, நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் உள்ளேயே சத்தமில்லாமல் இருந்து, பேக்கப் எங்கே இருக்கிறது என்று தேடி, அதை முதலில் அழித்துவிட்டுத்தான் மற்றதைப் பூட்டுகிறார்கள். ஆகவே ஒரு பிரதியாவது குறிப்பிட்ட நாள் வரை யாராலும், நிர்வாகியாலும்கூட, அழிக்கவோ மாற்றவோ முடியாத மாதிரி இருக்க வேண்டும். பெரிய கிளவுட் நிறுவனங்கள் எல்லாமே இந்த வசதியைத் தருகின்றன, இல்லையென்றால் எழுதி முடித்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடும் டேப்போ ஹார்டு டிஸ்க்கோ போதும். டேப் பழைய சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எல்டிஓ-9 என்ற வகை டேப் ஒன்றில் சுருக்காமலே 18 டிபி பிடிக்கும், அலமாரியில் இருக்கும் டேப்பை எந்த ஹேக்கராலும் தொட முடியாது, எனக்கு அது போதும். ஏழு நாள் பேக்கப் மட்டும் வைத்துவிட்டு மற்றதை அழிப்பதும் ஆபத்து, அவன் உள்ளே வந்து மூன்று வாரம் ஆகியிருந்தால் இருக்கிற ஏழும் அவன் வந்த பிறகு எடுத்ததாகத்தான் இருக்கும்.

கிளவுட் நிறுவனமே பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஓய்வூதியப் பணத்தை நிர்வகிக்கும் நிறுவனம், கூகுள் கிளவுடில் வைத்திருந்த அவர்களுடைய சூழலில் ஒரு பெரிய பகுதி ஒரு அமைப்புப் பிழையால் அழிந்துபோனது. இரண்டு இடங்களில் பிரதி வைத்திருந்தார்கள், இரண்டும் ஒரே சந்தாவின் கீழ், அதனால் இரண்டும் சேர்ந்தே போயின. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது அப்போது பெரிய உதவியாக இருந்தது. யாரோ ஒருவர் என்றோ ஒரு கூட்டத்தில் "இன்னொரு இடத்திலும் வைப்போம், செலவு ஆனாலும் பரவாயில்லை" என்று வாதாடியிருக்க வேண்டும். அவர் யாரென்று தெரியாது, எனக்கு அவரோடு கைகுலுக்க வேண்டும் போல இருக்கிறது.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ரெய்டு பேக்கப் ஆகாது, கூகுள் டிரைவ் மாதிரி ஒத்திசைக்கும் ஃபோல்டரும் பேக்கப் ஆகாது. ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் உடனே அழியும், அவ்வளவுதான் விஷயம், இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

எவ்வளவு நேரத்து டேட்டா போனால் தாங்கலாம், எவ்வளவு வேகமாகத் திரும்ப வர வேண்டும் என்பதைத்தான் ஆர்பிஓ, ஆர்டிஓ என்று பெயர் வைத்துக் கூட்டங்களில் பேசுகிறார்கள். முன்பெல்லாம் நான் அதை மேலாளரிடம் கேட்பேன். "டேட்டா கொஞ்சம்கூடப் போகக் கூடாது, உடனே வர வேண்டும்" என்பார், செலவைச் சொன்னதும் "அப்போ ஒரு நாள் போனால் பரவாயில்லை" என்பார். இப்போது பில் போடுகிறவரிடம் போய்க் கேட்கிறேன். நேற்று மதியத்திலிருந்து போட்டதெல்லாம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி அடிக்க உங்களிடம் தாள் இருக்கிறதா? எத்தனை மணி நேரம் ஆகும்? அதே கேள்வியைக் கிடங்கில் கேட்டால் பதில் வேறு. அங்கே எதற்கும் தாளே கிடையாது, ஸ்கேன் செய்ததோடு சரி, இரண்டு மணி நேரம் போனால்கூட எந்தப் பெட்டி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கிடங்கு டேட்டாபேஸுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றங்களின் லாக் வெளியே போகிறது, பில்லுக்கு மணிக்கொருமுறை, ஊழியர் விவரங்களுக்கு நாளைக்கு ஒருமுறை. எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை என்று இருந்தபோது ஆன செலவைவிட இது குறைவு.

அந்தப் பெண் இப்போது எங்கள் குழுவில் ரீஸ்டோர் வழிமுறைத் தாள்களின் பொறுப்பாளர். தாள்களில் "வழக்கம்போல்", "தேவைப்பட்டால்", "சரியான" என்ற வார்த்தைகள் எங்கே கண்ணில் பட்டாலும் சிவப்புப் பேனாவால் சுழித்து என் மேசையில் வைத்துவிடுவார். முதல் ரீஸ்டோர் நாளில் எங்களுக்கு 9 மணி 20 நிமிடம் ஆனது, அதுவும் நான் கடைசியில் விதியை மீறி இரண்டு இடத்தில் வாய் திறந்த பிறகு. போன மாதம் 3 மணி 10 நிமிடம், அதில் 50 நிமிடம் டேட்டாபேஸில் வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸ்களை மறுபடி கட்டுவதற்கே போனது. வருகிற சனிக்கிழமை நான் அலுவலகத்துக்கே வரக் கூடாது, போனையும் அணைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பத்து நாள் முன் சேர்ந்த ஒரு தம்பி உட்காரப் போகிறார், தாள்கள் அச்சாகித் தயாராக இருக்கின்றன.